பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

ஜனக்புரியிலிருந்து டப்வாலி வரை ஒரு தேனிலவுப் பயணம். வழியெல்லாம் பழைய வண்டிகள், அவற்றைப் புதிதாகக் கட்டும் கைகள், அவற்றுக்கு இடம் தராத சட்டம்.

டெல்லிச் சாலையில் போகும் காரின் நம்பர் பிளேட் டி.எல். 4 என்று தொடங்கினால், அது ஜனக்புரி போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான வண்டி. என் மாமனார் 1999-ல் வாங்கிய வெள்ளை மாருதி 800-க்கும் அந்த எண்தான். என்னவரை ஜனக்புரி டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டதும், ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தையே ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு ஏற்றிப்போனதும், நாத்தனாரைப் பிரசவத்துக்கு அழைத்துப்போனதும் அந்த வண்டிதான். 2014-ல் அதற்குப் பதினைந்து வயது முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 26-ம் தேதி, பதினைந்து வயதைத் தாண்டிய எந்த வண்டியும் டெல்லிச் சாலையில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அடுத்த ஏப்ரலில் டீசல் வண்டிகளுக்கு அந்த வயது பத்தாகக் குறைந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. மாமனார் வண்டியை மாயாபுரியில் ஓர் இரும்பு வியாபாரியிடம் கொடுத்தார். தானே ஓட்டிப்போய் விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பி வந்தாராம். அன்று வீட்டில் யாரிடமும் பேசவில்லை என்று அத்தை சொல்வார்.

இதே சட்டப் புத்தகத்தில் வேறொரு பக்கமும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய கார், பைக்குகளுக்கு ‘விண்டேஜ்’ என்ற தனித் தகுதி கிடைத்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கும் ரேலிக்கும் எடுத்துப்போகலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. ஒரு முக்கியமான நிபந்தனையும் உண்டு. வண்டி பிறந்த மேனிக்கு இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

ஆக, தலைநகரில் பழைய புகைத் தரத்து பெட்ரோல் கார் ஒன்று பதினைந்தில் குப்பையாகிறது, ஐம்பதில் பொக்கிஷமாகிறது. நடுவில் இருக்கும் முப்பத்தைந்து ஆண்டுகளை அது எங்கே கழிப்பது? அந்த இடைவெளியில் யாராவது அதைப் பிரித்து, வேறு என்ஜின் வைத்து, புதிய பாடி கட்டி உயிர் கொடுத்தால், அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கல்யாணமான கையோடு நானும் என்னவரும் போன பயணம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. இன்னும் என்னை விடவில்லை.

நாங்கள் திட்டமிட்டது அமிர்தசரஸ் மட்டும்தான். மணாலி, சிம்லா என்று ஆளாளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். என்னவருக்குச் சின்ன வயதிலிருந்தே வண்டிப் பித்து. எனக்கும் அது புதிதல்ல, ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். கிளம்பும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜனக்புரி வெஸ்டிலிருந்து ப்ளூ லைன் மெட்ரோ ஏறி, பாரகம்பா ரோடில் இறங்கினோம். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-ல் தொடங்கிய பழைய கார் ரேலி அங்கே அதன் கட்டடத்தில் இருந்துதான் புறப்படும். டெல்லிக்காரர்களில் மூன்று தலைமுறை பார்த்த காட்சி அது. தாத்தாக்கள் பேரன்களைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த ரேலியின் செல்லப்பிள்ளை கார் அல்ல, ஒரு தீயணைப்பு வண்டி. 1914-ல் மான்செஸ்டரில் ஜான் மாரிஸ் கம்பெனி கட்டியது. ஹைதராபாத் நிஜாமின் ரயில்வேயில் வேலை பார்த்தது. இப்போது சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தின் சொத்து. காற்றடைக்கும் டயர் கிடையாது, கெட்டி ரப்பர்தான். ரயில்வே ஊழியர்கள் பித்தளைத் தலைக்கவசத்தோடு அதில் ஏறி நின்று மணியடித்துக்கொண்டு போவார்கள். நூறு வயதைத் தாண்டிய ஓர் இயந்திரம் தன் சொந்த என்ஜினில் கன்னாட் பிளேஸை நோக்கி உருள்வதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் ரயில்வேப் பணிமனைத் தொழிலாளர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

நடுவர்கள் வண்டி வண்டியாகக் குனிந்து பார்த்தார்கள். விளக்கு அந்தக் காலத்து விளக்குதானா, சீட் தைத்த தோல் சரியா, கார்புரேட்டர் மாறியிருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். இத்தகைய போட்டிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். கம்பெனி வாசலை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படி இருப்பதுதான் அழகு என்பது அவர்கள் கட்சி. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கோயில் கல்வெட்டை யாரும் திருத்தி எழுதக் கூடாது இல்லையா?

ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் இன்னொரு வண்டி நின்றது. ராணுவப் பச்சை அடித்த திறந்த ஜீப். முன்கண்ணாடி மடங்கி பானட் மேல் படுத்திருந்தது. அகல டயர், க்ரோம் பம்பர். கூட்டத்தில் பாதிப் பையன்கள் அந்த ஜீப்பைச் சுற்றித்தான் நின்றார்கள். ரேலியில் அதற்கு எண் இல்லை, வேடிக்கை பார்க்க வந்த வண்டி அது. எங்கே கட்டியது என்று என்னவர் கேட்டார். ஓட்டிவந்த பையன் ஒரே சொல்லில் பதில் சொன்னான்: “டப்வாலி.”

அமிர்தசரஸுக்கு வழக்கமாக எல்லோரும் கர்னால், அம்பாலா வழியாகப் போவார்கள். நாங்கள் பாதையை மாற்றிக்கொண்டோம்.

கலிபோர்னியாவின் காய்ந்த ஏரி

டப்வாலிக்குப் போகும் முன் கொஞ்சம் கலிபோர்னியா போய் வர வேண்டும். அந்தப் பச்சை ஜீப்பின் பெரியப்பா பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி ‘மாடல் டி’ கார்களை விற்றது. அமெரிக்காவின் ஒவ்வொரு பழைய இரும்புக் கடையிலும் அவை குவிந்து கிடந்தன. 1932-ல் அதே ஃபோர்டு, சாமானியர் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் வி-8 என்ஜினைக் கொண்டுவந்தது. 65 குதிரைத் திறன். மாடல் டி-யின் திறன் 20. கையில் காசில்லாத, ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பையன்களுக்கு இது போதாதா? கடையில் கிடந்த பழைய காரை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, கூரையை வெட்டி, எடையைக் குறைத்து, புதிய என்ஜினை உள்ளே இறக்கினார்கள். ஓட்டிப் பார்க்க லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே முரோக் போன்ற காய்ந்த ஏரிப் படுகைகள் இருந்தன. மைல் கணக்கில் சமதளம். இப்படி மாற்றிக் கட்டிய காருக்குத்தான் ஹாட் ராட் என்று பெயர், அது பிறந்தது அங்கே.

1937-ல் தெற்கு கலிபோர்னிய கார் சங்கங்கள் ஒன்றுகூடி எஸ்.சி.டி.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கின. இரண்டாம் உலகப் போர் முடிந்து பையன்கள் திரும்பியபோது, விமானமும் டாங்கியும் பழுதுபார்த்த அனுபவம் அவர்கள் கையில் இருந்தது. ஊருக்கு ஊர் தெருவில் பந்தயம் விட்டார்கள். விபத்து நடந்தது, சாவு விழுந்தது. பத்திரிகைகள் திட்டின, போலீஸ் துரத்தியது. அப்போது அமெரிக்கா ஒரு நல்ல காரியம் செய்தது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் ‘ஹாட் ராட்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதன் ஆசிரியராக வந்த வாலி பார்க்ஸ் 1951-ல் என்.எச்.ஆர்.ஏ. என்ற பந்தய அமைப்பை உருவாக்கினார். தெருவில் ஓடாதே, ஓட நாங்கள் இடம் தருகிறோம். ஆனால் முதலில் உன் பிரேக்கையும் சீட் பெல்ட்டையும் காட்டு என்றார்கள். போர் முடிந்து சும்மா கிடந்த விமான ஓடுபாதைகள் பந்தயத் தடங்கள் ஆயின. ஊர் ஊராகப் போய் போலீஸையும் பையன்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். 1950-ல் ஓக்லாந்தில் தொடங்கிய ரோட்ஸ்டர் எனும் திறந்த கார்களின் கண்காட்சி, இப்போது பொமோனாவில் ஆண்டுதோறும் நடக்கிறது. அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் என்ற கோப்பைக்கு அங்கே இன்றும் போட்டி. போலீஸ் துரத்திய அதே கார்கள்தான், இப்போது விரித்த கம்பளத்தின் மேல் நிற்கின்றன.

நமக்கும் அப்படி ஓர் ஓடுபாதை இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரம், உலகப் போர்க்கால விமானத்தளம். 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தத் தொடங்கியது. ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்து, சொந்தமாகப் பந்தய வண்டி கட்டியவர்கள் அங்கே உருவானார்கள். கோவையின் கரிவர்தன் அந்த மரபின் உச்சம். மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் வடிவமைத்து, ஃபார்முலா மாருதி என்ற பந்தய வகையையே இந்தியாவுக்குத் தந்தார். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். மாமனார் ஆட்டோவில் திரும்பிய அன்று மாயாபுரியில் விட்டுவந்த என்ஜினும் அதே குடும்பத்து என்ஜின் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பாதை 9

பீராகடி சவுக்கில் இடப்பக்கம் திரும்பினால் ரோத்தக் ரோடு. நாங்லோய், முண்ட்கா, டிக்ரி எல்லை, பகதூர்கட். தேசிய நெடுஞ்சாலை 9 அப்படியே பஞ்சாபின் மலோட் வரை போகிறது. மாசி மாதம், ரோத்தக்கைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடுகுப் பூ. டாபாவில் நிறுத்தி முள்ளங்கிப் பரோட்டாவும் வெள்ளை வெண்ணெயும் சாப்பிட்டோம். தேனிலவு என்பதால் அந்தச் சாப்பாட்டுக்குத் தனி ருசி என்று நான் எழுதினால் என்னவர் சிரிப்பார், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஒரு விஷயம் வழியில்தான் உறைத்தது. பத்து, பதினைந்து வயதுக் கட்டுப்பாடு டெல்லிக்கு மட்டுமல்ல, தலைநகர் வட்டாரம் முழுவதற்கும் உண்டு. ரோத்தக் அதில் சேர்த்தி, ஹிசார் சேராது. ரோத்தக்கில் பழைய புகைத் தரத்து, பன்னிரண்டு வயது டீசல் ஜீப் குற்றவாளி. அதே ஜீப் ஹிசார் பக்கத்து ஹான்சிக்கு வந்துவிட்டால் நல்ல பிள்ளை. வண்டி விடும் புகையில் எந்த மாற்றமும் இல்லை.

டெல்லியின் காற்றை நான் லேசாகப் பேசவில்லை. தீபாவளி கழிந்த வாரங்களில் ஜனக்புரி மொட்டை மாடியில் துணி உலர்த்தினால் மாலையில் அது புகை நெடியோடு இறங்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை நெபுலைசரோடு வளர்கிறது. பழைய தரத்து டீசல் வண்டி அந்த நகரத்தில் தினசரி ஓடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. பிறந்த தேதியை மட்டும் பார்த்து மரண தண்டனை விதிப்பதுதான் என் வருத்தம். வண்டியின் மூக்கில் குழாய் வைத்துப் புகையை அளந்து பார்க்கலாமே. 2025 ஜூலை 1 முதல் வயதான வண்டிகளுக்கு டெல்லி பங்க்குகளில் பெட்ரோல் கிடையாது என்றார்கள். சில நாட்களிலேயே அது நின்றது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து உரிமையாளர் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தச் சலுகையை பி.எஸ்.-4 புகைத் தரத்துக்கும் அதற்கு மேலானவற்றுக்கும் மட்டும் என்று சுருக்கியது. வயதிலிருந்து புகைக்கு ஓர் அடி நகர்ந்திருக்கிறோம். அந்த மட்டில் நல்லது.

டப்வாலி பட்டறைகள்

சிர்சாவைத் தாண்டி, ஹரியானா முடியும் இடத்தில் இருக்கிறது மண்டி டப்வாலி. ஊரின் ஒரு பக்கம் ஹரியானா, எதிர்ப்பக்கம் பஞ்சாப். பருத்தியும் கின்னோ ஆரஞ்சும் விளையும் பூமி. சாலையோரம் வரிசையாக ஜீப்புகள் நிற்கின்றன. கறுப்பு, பச்சை, மணல் நிறம், ஒன்று பளீர் மஞ்சள். நுழைவுச் சீட்டு கிடையாது, நடுவர் கிடையாது, மேடை கிடையாது. நான் பார்த்த கார் கண்காட்சிகளில் இதுதான் ஒசத்தி.

இந்த ஜீப்புகளின் வம்சமும் போரில்தான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. 1945-ல் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகம்மது நிறுவனம், 1947-ல் மும்பை மசகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. மறு ஆண்டு அது மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. ராணுவமும் அரசு இலாகாக்களும் ஓட்டி முடித்து ஏலம் விட்ட ஜீப்புகள் வட இந்தியா முழுவதும் பரவின. பஞ்சாப் விவசாயிக்கு அது வயலுக்கும் மண்டிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் ஏற்ற வண்டி. டப்வாலிக்காரர்கள் அந்த எலும்புக்கூட்டை எடுத்துத்தான் தொழிலை வளர்த்தார்கள். சுருக்கமான பின்பக்கம் கொண்ட வண்டியை ‘லண்டி ஜீப்’ என்கிறார்கள்.

ஒரு பட்டறைக்குள் எங்களை வரச் சொன்னார்கள். தரையில் சேஸிஸ் மட்டும் நின்றது, துருவெல்லாம் சுரண்டி, சிவப்பு ப்ரைமர் அடித்து. மஹிந்திரா டி.ஐ. என்ஜின் ஒரு பக்கம் சங்கிலியில் தொங்கியது. பக்கத்துக் கொட்டகையில் கிடந்தது ஜப்பானிலிருந்து பிரித்து வந்த டொயோட்டா டீசல் என்ஜின். காசுக்குத் தக்கபடி இதய மாற்று. பெரியவர் ஒருவர், உஸ்தாத் என்றே எல்லோரும் அழைத்தார்கள், புதிய தகட்டில் பானட் வளைத்துக்கொண்டிருந்தார். மெஷின் இல்லை. அடியில் மரக்கட்டை, கையில் சுத்தி. பத்து அடி அடிப்பார், நிறுத்துவார், உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்துத் தடவுவார். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று விரல் சொல்லும், கண் சொல்லாது. பிறகு ஒரு நூலை எடுத்து முன் முனைக்கும் பின் முனைக்கும் இழுத்துப் பிடித்தார். நூலுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மறுபடியும் சுத்தி.

எனக்குக் கால் அங்கேயே வேரோடிவிட்டது. இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். என் ஊர் கரூர். அப்பா பேருந்துக் கூண்டு கட்டும் பட்டறையில் பெயின்டர். அசோக் லேலண்டோ டாடாவோ வெறும் சேஸிஸாக வந்து நிற்கும். ஓட்டிவரும் டிரைவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மேலே கூரையும் இல்லாமல் சுற்றிலும் சுவரும் இல்லாமல் வருவார். வாரக்கணக்கில் அதே இடத்தில் குழாய்ச் சட்டம் ஏறும், தகடு ஏறும், பட்டி பார்ப்பார்கள், வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பார்கள், அப்பா வண்ணம் அடிப்பார். கரூர்ப் பட்டறையிலும் இதே நூல்தான். இதே உள்ளங்கைதான்.

“ஏனுங்க, இவரு நம்மூர்ல இருந்தா மேஸ்திரிங்க” என்றேன். என்னவர் அதை ஹிந்தியில் சொன்னார். உஸ்தாத் தலை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். வேலை நிற்கவில்லை.

எல்லாவற்றையும் மெச்சிவிட்டு வர மனசாட்சி இடம் தரவில்லை. பல வண்டிகளில் கண்ணுக்குத் தெரிகிற இடங்களில்தான் பணம் கொட்டியிருக்கிறது. பெரிய டயர், பெரிய ஸ்பீக்கர், உறுமும் சைலன்ஸர். ஆனால் பின்சக்கரத்தில் எட்டிப் பார்த்தால் அதே பழைய டிரம் பிரேக். என்ஜினின் சக்தி கூடியிருக்கிறது, நிறுத்தும் சக்தி கூடவில்லை. குட்டையான வீல்பேஸ், உயரமான உடம்பு, மேலே கூரையும் கம்பியும் இல்லை. கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் கதி என்ன? வாங்க வரும் பையன்கள் ஸ்பீக்கரைக் கேட்கிறார்கள், பிரேக்கைக் கேட்பதில்லை என்று பட்டறையிலேயே ஒருவர் வருத்தப்பட்டார். அமெரிக்கப் பையன்களுக்கு வாலி பார்க்ஸ் முதலில் சொன்ன பாடம் இங்கே இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தர வழியும் இல்லை, காரணம் சட்டம் இந்தத் தொழிலை ஒரேயடியாகக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில், மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வந்தது. ஸ்பீக்கர் வைத்தவனும், பிரேக்கைச் சரியாக மாற்றியவனும் சட்டத்தின் முன் ஒன்றுதான். அப்புறம் எவன் பிரேக்குக்குச் செலவு செய்வான்? செய்தாலும் எந்த அதிகாரியிடம் போய்க் காட்டுவான்?

மின்சாரத்துக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. அங்கீகரித்த கிட் வாங்கி, பழைய டீசல் காரின் என்ஜினைக் கழற்றி எறிந்து, மோட்டாரும் பேட்டரியும் பொருத்தினால் மறுபதிவு செய்யலாம். சி.என்.ஜி.க்கும் உண்டு. இதுவும் இதய மாற்றுச் சிகிச்சைதானே? பரிசோதித்துப் பதிவு செய்ய அரசாங்கத்துக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கரூர் இன்னும் பெரிய சான்று. கூண்டு கட்டும் தொழிலுக்கு ஏ.ஐ.எஸ். 052 என்று தனி விதித் தொகுப்பே இருக்கிறது. அவசர வழி எங்கே, சீட்டுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, தகடும் சட்டமும் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. பட்டறை அங்கீகாரம் வாங்க வேண்டும், கட்டிய வண்டி தேற வேண்டும். ஆரம்பத்தில் எங்கள் ஊரில் முணுமுணுப்பு இருந்தது, செலவு கூடுகிறது என்று. ஆனாலும் தொழில் நிலைத்தது. கையால் தகடு வளைக்கிற கலையும் சட்டமும் ஒரே கொட்டகைக்குள் இருக்க முடியும் என்று கரூர் காட்டிவிட்டது. அதே நியாயம் டப்வாலிக்கு ஏன் இல்லை?

ஸ்வீடனில் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுபவர்களுக்கு என எஸ்.எஃப்.ஆர்.ஓ. என்ற சங்கம் இருக்கிறது. வண்டி கட்டும்போதே சங்கத்தின் ஆய்வாளர் வந்து பார்க்கிறார், திருத்தச் சொல்கிறார், முடிந்ததும் அரசுப் பரிசோதனை, பிறகு நம்பர். பிரிட்டனில் ஒற்றை வண்டிக்கெனத் தனி அங்கீகாரப் பரிசோதனை உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ‘ஸ்ட்ரீட் ராட்’ என்றே பதிவு செய்யலாம். நம்மிடம் இதற்கான இடமும் கருவியும் இல்லாமல் இல்லை. ஜனக்புரியிலிருந்து நஜஃப்கர் தாண்டிப் போனால் ஜுல்ஜுலியில் டெல்லி அரசின் வாகனப் பரிசோதனை நிலையம். மானேசரில் ஐ-கேட் என்ற வாகனப் பரிசோதனை மையம். நம் பக்கம் ஒரகடத்தில் உலகத் தரத்து வாகன ஆராய்ச்சி மையம். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, புகை, கவிழாமல் திரும்பும் திறன் என இவற்றைச் சோதித்து, தேறிய வண்டிக்குத் தனி எழுத்துத் தரலாம். விண்டேஜ் வண்டிக்கு ‘வி.ஏ.’ கொடுத்தது போல. அன்றாடம் ஓடக் கூடாது, ஞாயிறும் திருவிழாவும் கண்காட்சியும் மட்டும் என்று வேண்டுமானால் நிபந்தனை போடட்டும். டெல்லிக் காற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு அவசியம்தான்.

இதில் மாயாபுரிக்கும் ஒரு வாழ்வு இருக்கிறது. 1970-களில் மோதியா கானிலிருந்து பெயர்ந்து வந்த பழைய இரும்புச் சந்தை அது. கியர் பாக்ஸ் ஒரு சந்து, கதவு ஒரு சந்து, கண்ணாடி ஒரு சந்து என்று மலை மலையாகக் கிடக்கும். 2010 ஏப்ரலில் பல்கலைக்கழகம் ஒன்று ஏலம் விட்ட கருவிக்குள் இருந்த கோபால்ட்-60 கதிரியக்கத்தால் அங்கே ஒரு தொழிலாளி இறந்தார், பலர் உடல் கருகினார்கள். என்ன பொருள் வருகிறது, எங்கே போகிறது என்று யாரும் எழுதிவைக்காத சந்தைக்கு நேர்ந்த கதி. ஒரு என்ஜின் எந்தக் காரிலிருந்து வந்தது, எந்த ஜீப்புக்குள் போகிறது என்று பதிவேடு வந்தால் திருட்டு வண்டிக்கும் கடிவாளம், அங்கே கையுறைகூட இல்லாமல் வேலை செய்பவர்களுக்கும் பாதுகாப்பு. சட்டத்துக்குள் வந்த தொழிலில்தான் தொழிலாளிக்கு உரிமை கேட்க முடியும்.

வெயில் சாய்ந்ததும் உஸ்தாத் சுத்தியைக் கீழே வைத்தார். டீ வந்தது, ஏலக்காய் தட்டிப்போட்ட கெட்டிப் பால் டீ. எனக்கு ஒரு நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டார்கள். உங்கள் ஊரில் என்ன கட்டுகிறார்கள் என்று அப்போதுதான் கேட்டார். என்னவர் மொழிபெயர்க்க, நான் கரூரைச் சொன்னேன். வெறும் சேஸிஸ் வருவதையும், கூண்டு ஏறுவதையும், என் அப்பாவின் பெயின்ட் டப்பாக்களையும்.

“காகஸோடவா?” என்றார். பேப்பரோடுதானா என்று.

“பேப்பரோடதான். ஆர்.டி.ஓ. பார்த்து நம்பர் கொடுப்பாங்க.”

அவர் திரும்பிப் பக்கத்துக் கொட்டகைக்காரர்களைக் கூப்பிட்டார். ஐந்தாறு பேர் வந்து நின்றார்கள். இப்போது சொல்லுங்கள் என்றார். முதலிலிருந்து சொன்னேன். பட்டறைக்கு அங்கீகாரம் யார் தருவது, மனு யாரிடம் கொடுப்பது, எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் ஆகும் என்று ஆளுக்கொரு கேள்வி. பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. கரூருக்கு போன் போட்டு அப்பாவிடம் கேட்டேன். அவர் தன் பழைய முதலாளியின் நம்பரைக் கொடுத்தார். உஸ்தாத் அதை ப்ரைமர் அடித்த சேஸிஸ் மேலேயே சாக்பீஸால் எழுதிக்கொண்டார்.